கச்சான் மேல் போட்ட பழி

என் மனைவி பாக்கியத்தைக் கச்சான் கொல்லவில்லை. நான்தான் கொன்றேன்.

எழுதிவிட்டேன். இரண்டு வருஷமாக இந்தத் தோட்டத்தில் கண்டவரிடமெல்லாம் வேறு கதை சொல்லித் திரிந்தவன் நான். "கச்சான் தின்னா, கொழுப்பு ஏறிருச்சு, நெஞ்சடைச்சிருச்சு" என்று, வறுத்த நிலக்கடலை மேல் பழியைப் போட்டு, எத்தனை பேரிடம், எத்தனை தடவை! ஒருவராவது என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? கேட்கமாட்டார்கள். கணக்கப்பிள்ளை சொன்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மறுபேச்சுக் கிடையாது.

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதே நல்லது. தெரிந்தவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் திராணி எனக்கில்லை.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. இருபத்திரண்டு வருஷ வேலை. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் நாளைக்கு மூன்று தடவை கூடையோடு மடுவத்துக்கு வருவார்கள். மடுவம் என்றால் பெரிய கட்டடம் என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு கம்பங்களின் மேல் ஒரு தகரக் கூரை, அவ்வளவே. நடுவே உத்தரத்திலிருந்து வட்ட முகத் தராசு தொங்கும். கூடையைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஓடும். நான் நிறையை ராத்தல் கணக்கில் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்வேன்.

ஆனால் முள் காட்டியதை நான் ஒருநாளும் அப்படியே சொன்னதில்லை! கூடையின் கனத்துக்கென்று கழிப்பேன். அது நியாயம். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும். அந்தத் தண்ணீருக்கென்று கழிப்பேன். அது தோட்டத்து வழக்கம். பிறகு, முள் ஆடி அடங்குவதற்குள், அது கீழே இறங்கும் நொடியாகப் பார்த்து ராத்தலைச் சொல்லிவிடுவேன். அது என் கைவரிசை. முப்பத்து நான்கு காட்டினால் முப்பது என்பேன். தொழிற்சாலையில் மறுபடி நிறுக்கும்போது குறைந்துபோனால் தோட்டத்தை நடத்தும் துரை என்னைத்தான் கூப்பிட்டு நிறுத்திக் கேட்பார். எதற்கு வம்பு என்று முன்கூட்டியே குறைத்துவிடுவேன்.

பெண்கள் முணுமுணுப்பார்கள். "என்னா புள்ள முணுமுணுப்பு? தண்ணிக்குச் சம்பளம் குடுக்கவா தொர ஒக்காந்திருக்காரு?" என்று ஓர் அதட்டுப் போடுவேன். அடங்கிவிடுவார்கள்.

இருபத்திரண்டு வருஷம் இதையே செய்தேன். முள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் அந்த இடம் என் மனசில் பதியாது. கழித்தபின் வரும் எண்தான் பதியும். என் கண்ணே அப்படிப் பழகிவிட்டது.

பாக்கியத்துக்குப் பருத்த உடம்பு. லயத்துப் பெண்கள் எலும்பும் தோலுமாகக் கூடை சுமந்தபோது இவள் மட்டும் பூசினாற்போல் இருந்தாள். கணக்கப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு அப்படி! காலையில் நெய் தடவிய ரொட்டி, மத்தியானம் கட்டித் தேங்காய்ப்பாலில் கறி, பின்னேரம் தேத்தண்ணியோடு மறுபடியும் தேங்காய் ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை கொழுப்போடு ஆட்டிறைச்சி. "எங்கிட்ட வந்தப்புறந்தான் இவளுக்குச் சதை புடிச்சுச்சு" என்று நாலு பேர் முன்னால் பெருமையடித்துக்கொள்வேன். அவள் வெட்கத்தோடு முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள்.

அந்தப் பெருமைக்கு வந்தது கேடு. கோயிலுக்கு ஏறும் படியில் ஒருநாள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது.

ஹட்டன் டவுனில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். சீமையில் படித்தவர், இளவயது, அதிகம் பேசமாட்டார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வந்ததும் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இரத்தத்தில ஒரு கொழுப்புக் கூடிக் கிடக்கு. கொலஸ்டரோல் எண்டு சொல்லுறது. இதயமும் களைச்சுப் போச்சு. உடம்பு இறங்க வேணும். நெய், ஆட்டுக்கொழுப்பு, கட்டித் தேங்காய்ப்பால் மூண்டையும் விடுங்கோ. பின்னேரம் ரொட்டிக்குப் பதிலா ஒரு பிடி கச்சான் சாப்பிடுங்கோ. மண்ணில வறுத்தது. உப்பு வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கச்சானா? நெஞ்சிலே கொழுப்பு என்கிறார், எண்ணெய் வடியும் கொட்டையைத் தின்னச் சொல்கிறார்! இவர் உண்மையில் படித்தவர்தானா?

"ஐயா, கச்சான் முழுக்க எண்ணெயாச்சுங்களே! மெலிய வேண்டிய ஆளு அதத் தின்னா இன்னும் ஊதிற மாட்டாங்களா?"

"எல்லாக் கொழுப்பும் ஒண்டில்லை. நெய்யில இருக்கிறது வேற, கச்சானில இருக்கிறது வேற. ஒரு பிடி திண்டால் வயிறு நிறையும். ரொட்டியை மனம் தேடாது. ஆனால் ரொட்டிக்குப் பதிலா. ரொட்டிக்கு மேலால இல்லை. விளங்குதே?"

பாக்கியம் தலையாட்டினாள். அவர் தொடர்ந்தார். அடுத்து அவர் சொன்னவற்றை ஒரு சொல் விடாமல் இப்போதும் என்னால் ஒப்பிக்க முடியும்.

"கிழமைக்கு ஒருக்கால் நிறை பாத்து எழுதுங்கோ. அவவை இந்தப் பஸ்ஸில அலைக்க வேண்டாம், மாதம் ஒருக்கால் அந்தக் கணக்கை மட்டும் கொண்டு வாங்கோ. மெல்ல மெல்ல இறங்கினால் நல்லது. ஆனால் ஒரு கிழமையில மூண்டு நாலு ராத்தல் கூடினால், அது கச்சானுமில்லை, கொழுப்புமில்லை. உடம்புக்குள்ள தண்ணி தேங்குது எண்டு அர்த்தம். அண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்திட வேணும். ஊசி போட்டு இறக்கலாம். பிந்தினால் கஷ்டம்."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன வேலை?" என்றார்.

"கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளைங்க."

"பிறகென்ன! உங்களை விட வேற ஆள் வேணுமே?" என்று சிரித்தார்.

சிரித்தார்... நானும் சிரித்தேன்!

கொட்டகலை பஜாரிலிருந்து சனிக்கிழமைதோறும் ஹனிபா நானா கச்சான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தே வருவார். விஷயத்தைச் சொன்னதும் அவர் பாக்கியத்துக்கென்றே தனியாக வறுக்கத் தொடங்கினார். சொத்தை பொறுக்கி, உப்புத் தண்ணீர் தெளிக்காமல், ஒரு கடதாசிப் பையில் வேறாகக் கொண்டுவருவார். பாக்கியம் தன் கையாலேயே அளப்பாள். நான் பக்கத்திலிருந்து, "ஏம்புடி பெருசு, எங்கையால அள்ளித் தரவா?" என்று சீண்டினால், "டாக்டரு எங்கையத்தான் பாத்துச் சொன்னாரு, ஒங்க மம்பட்டிக் கைய இல்ல" என்பாள். ஒரு பருப்புக்கூட மேலே போகவிடமாட்டாள். ஒவ்வொன்றாகத் தோல் உரித்து, நன்றாக மென்று, அரைமணி நேரம் தின்பாள். ரொட்டிச் சட்டி சும்மா கிடந்தது. நான் வாய் பிளந்து பார்த்தேன்.

முதல் சனிக்கிழமை அவளை மடுவத்துக்குக் கூட்டிப்போனேன். தராசுக் கொக்கியில் கயிறு கட்டி, ஒரு பலகையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு, அதில் உட்காரச் சொன்னேன். கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் கலையாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஐயோ, கணக்கப்புள்ள அம்மாவக் கொழுந்தாட்டம் தூக்கி மாட்டுறாரே!"

"எளைக்கிறதுக்கா மருந்து? எங்களக் கேட்டா சொல்லித் தருவோமே! ரெண்டு மாசம் கொழுந்தெடுக்கச் சொல்லுங்க!"

"அதுவும் கச்சான் தின்னு எளைக்கிறதாம்! கேட்டீங்களா அக்கா இந்தக் கூத்த!"

பாக்கியமும் வயிறு குலுங்கச் சிரித்தாள். பலகை ஆடாமல் மாரியாயி என்ற பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தர வயது, கறாரான முகம், என் மலையிலேயே வேகமாகக் கொழுந்தெடுப்பவள். அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளேதான் கயிறு பிடித்தாள்.

டாக்டர் வீட்டுத் தராசில் நூற்று எழுபத்திரண்டு ராத்தலாக இருந்தவள், மெய்யாகவே இறங்கினாள். ஆறு ஏழு வாரத்தில் நூற்று அறுபத்திரண்டு. இது பொய்யில்லை, சத்தியம். படியேறும்போது முன்பு நான்கு இடத்தில் நின்றவள் இரண்டு இடத்தில் நின்றாள். சட்டை தொளதொளத்தது. கச்சான் தின்பவள் மெலிவதை என் கண்ணால் கண்டேன்! டாக்டரும் சந்தோஷப்பட்டார், மறுபடியும் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று அவளை ஒரே ஒரு தடவை அழைத்துவரச் சொன்னார். போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

மலையில் மழைக்காலம் எப்படி என்று நீங்கள் அறிவீர்களோ, என்னவோ. ஒரு மாதம் வெயில் முகமே தெரியாது. பாக்கியம் மடுவத்துக்கு வரும்போது தலையில் போட்ட கம்பளி நனைந்திருக்கும், சேலைக் கரை நனைந்திருக்கும், பலகைக் கயிறுகூட ஈரத்தில் ஊறியிருக்கும். அந்தச் சனிக்கிழமை முள் நூற்று எழுபத்தொன்றில் நின்றது. பலகைக்கும் கயிற்றுக்கும் ஆறு ராத்தல் எப்போதும் கழிப்பேன். மிச்சம் நூற்று அறுபத்தைந்து. போன வாரத்தைவிட மூன்று ராத்தல் கூட!

நான் என்ன செய்தேன் தெரியுமா?

தண்ணீருக்குக் கழித்தேன்.

யோசிக்கவே இல்லை. கண் முள்ளைப் பார்த்தது, ஈரத்தைப் பார்த்தது, வாய் "நூத்தி அறுவது" என்றது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் தானாகவே பேசிவிட்டது. கம்பளிக்கு இரண்டு, சேலைக்கு இரண்டு, கயிறு ஊறியதற்கு ஒன்று. சரியாகப் போயிற்று!

அது தண்ணீர்தான். ஐயோ, தண்ணீரேதான்! ஆனால் கம்பளியில் இருந்த தண்ணீர் இல்லை. அவள் உடம்புக்குள் தேங்கத் தொடங்கியிருந்த தண்ணீர். எதைப் பார்த்ததும் ஓடிவா என்று டாக்டர் சொன்னாரோ, அதையே பார்த்துக் கழித்துப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

அது பழக்கதோஷம், அறியாமல் செய்த பிழை என்று நீங்கள் என்னை மன்னிக்கப் பார்க்கலாம். அவசரப்படாதீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை முள் இன்னும் இரண்டு ராத்தல் ஏறி நின்றது. இந்தத் தடவை நான் கண்டேன். மனசில் ஒரு நொடி திக்கென்றது. ஆனால் பலகையில் உட்கார்ந்திருந்தவள் என் வாயையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "கொறஞ்சிருக்காங்க?" என்றாள். போன வாரம் நூற்று அறுபது என்று சொல்லியாயிற்று. டாக்டருக்கான நோட்டிலும் எழுதியாயிற்று. இப்போது திடீரென்று ஏழு ராத்தல் கூடிவிட்டது என்று இத்தனை பெண்கள் முன்னால் எப்படிச் சொல்வது? கணக்கப்பிள்ளைக்கு நிறுவை தப்பிவிட்டது என்று சிரிக்கமாட்டார்களா?

"நூத்தி அம்பத்தெட்டு!" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! சின்னப் பெண்போல் கையைத் தட்டினாள். "ஏறிருந்தா டாக்டரு கச்சானை நிப்பாட்டச் சொல்லிருவாரோன்னு பயந்துகிட்டே இருந்தேங்க" என்றாள். எனக்கும் இன்பமாக இருந்தது. ஆமாம், இன்பமாகவே இருந்தது! ஊரார் கொழுந்தில் கழித்தபோது ஏச்சுத்தான் கிடைத்தது. கட்டியவளின் உடம்பில் கழித்தபோது இந்தச் சிரிப்பல்லவா கிடைத்தது! அதற்காகவே அடுத்த வாரமும் கழித்தேன். அதற்கடுத்த வாரமும்... நூற்று ஐம்பத்தைந்து, நூற்று ஐம்பத்திரண்டு. எழுத்து மணிமணியாக, நோட்டுப் புத்தகம் அழகாக இருந்தது. மாதக் கடைசியில் டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்து, "நல்லா இறங்குது. இதையே செய்யுங்கோ" என்று சொல்லித் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அவள் என்னிடம் சொல்லாமலா இருந்தாள்? சொன்னாள்!

"ஏங்க, வளையல் கழல மாட்டேங்குதுங்க."

"காலப் பாருங்க, வெரலால அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்குது."

"படுத்தா மூச்சு முட்டுதுங்க. மூணு தலகாணி வச்சாத்தான் முடியுது."

இந்த மூன்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு நான் சொன்ன பதிலை எழுதப் பேனா ஓடவில்லை... எழுதியே தீரவேண்டும். "அடியே, தராசு எறங்குதுன்னு சொல்லுது, நீ ஊதுதுன்னு சொல்லுற. தராசு பொய் சொல்லுமா? குளிருக்குக் கையி காலு வீங்கத்தான் செய்யும்" என்றேன். அவள் உடனே சமாதானமாகிவிட்டாள். தன் வீங்கிய காலைவிட என் வாயை நம்பினாள். என் பொய்யை நானே பாதி நம்பத் தொடங்கிவிட்டேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா? அதுதான் உண்மை.

கடைசிச் சனிக்கிழமை மடுவத்துக்கு வருவதற்குள் ஏழு தடவை நின்றாள். பலகையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. முள் எங்கே நின்றதென்று நான் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயம்! "நூத்தி அம்பது" என்று சொல்லி நோட்டை மூடினேன். கயிற்றைப் பிடித்திருந்த மாரியாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குப் புறப்படும்போது பாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, வாயில் நுரை தள்ள, மூச்சுக்குப் பறந்தாள். தோட்டத்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஹட்டன் டாக்டருக்கு ஆள் அனுப்பினேன், ஓடிவந்தார். அதற்குள் அங்கே ஒரு தாதி அவளை நாற்காலித் தராசில் இருத்தி நிறை பார்த்திருந்தாள்.

நூற்று எழுபத்திரண்டு.

டாக்டர் தாதி எழுதிய துண்டுச் சீட்டையும் என் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "சனிக்கிழமை நூற்றைம்பது எண்டு எழுதியிருக்கு. இரண்டு நாளில இருபத்திரண்டு ராத்தலோ? நடக்கேலாது! ஆர் நிறுத்தது?"

நான் வாய் திறக்குமுன் கட்டிலில் கிடந்தவள் பேசினாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே, விட்டு விட்டு...

"எங்க வீட்டுக்காரருதாங்க... வாரா வாரம் அவருதான்... அவருகிட்ட ஒரு ராத்தல் பெசகாதுங்க..."

கேட்டீர்களா? எனக்காகச் சாட்சி சொன்னாள்! நெஞ்சு முழுக்க நான் கழித்த தண்ணீர் நிற்க, அந்தத் தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டே, என் நிறுவைக்கு நற்சாட்சி சொன்னாள்!

"அப்ப உங்கட தராசுதான் பிழை" என்றார் டாக்டர்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் உயிரோடு இருந்தாள், காதால் கேட்டிருப்பாள், காறித் துப்பியாவது போயிருப்பாள். நான் சொன்னது இதுதான்: "ஆமாங்க ஐயா... பழைய தராசுங்க."

ஊசி போட்டார்கள், காற்றுக் குழாய் வைத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.

பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெண்கள் மாரடித்துக்கொண்டு கேட்டார்கள். "நல்லா எளைச்சுகிட்டு வந்தாகளே ஐயா, என்னாத்தாலங்க இப்படி?" என் பக்கத்தில், அலமாரியில், ஹனிபா நானாவின் கடதாசிப் பை இருந்தது. பாதி மிச்சம். என் கண் அதன் மேல் விழுந்தது. "இந்தா, இந்தச் சனியன்தான்!" என்று அதைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். "கச்சான்! எண்ணெய்க் கொட்ட! நெஞ்சில போயி அடைச்சிருச்சு!" பருப்புகள் மழைச் சேற்றில் சிதறின. ஒப்பாரிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நானா விஷயம் தெரியாமல் வந்தார். பாக்கியத்தின் பை கையிலிருந்தது. லயத்தார் எல்லோரும் பார்க்க அவர் கூடையை எட்டி உதைத்தேன். "கொலகாரா! இனிமே இந்தத் தோட்டத்து எல்லையில காலு வச்சே, கால ஒடிச்சுப்புடுவேன்!"

அந்த மனிதர் திகைத்து நின்றார். "ஐயா... அம்மா மவுத்தா? நான் என்னத்த செஞ்சேங்க? அம்மாவுக்குன்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கி வறுத்தேனே!" என்றார். தாடி நனைய அழுதார். சிதறியதைப் பொறுக்கக்கூட இல்லை. வெறுங்கூடையோடு இறங்கிப் போனார்.

அதற்குப்பின் எங்கள் தோட்டத்தில் கச்சான் என்றால் விஷம் என்றாகிவிட்டது. லயத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள் கிடைத்த அந்த ஒரு பிடி ஊட்டமும் நின்றது. தலவாக்கலையில் கட்டிக்கொடுத்த என் மகள், அம்மாவைக் கொன்ற கொட்டை என்று இன்றுவரை அதை வீட்டில் சேர்ப்பதில்லை. கர்ப்பமாக இருந்தபோது கச்சானுக்கு ஆசைப்பட்டாளாம், அடக்கிக்கொண்டாளாம். பெருமையாக என்னிடம் சொன்னாள். "நல்ல காரியம் செஞ்சம்மா" என்றேன்.

கருமாதி முடிந்து டாக்டரிடம் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கொழும்புக்கு அனுப்பிய இரண்டாவது இரத்தத்தின் பதில். பிந்தி வந்திருந்தது.

"கொலஸ்டரோல் நல்லா இறங்கியிருக்கு" என்றார். "அவ ஒழுங்கா நடந்திருக்கிறா. நெய்யை விட்டது, கச்சான், எல்லாம் வேலை செய்திருக்கு. தண்ணி ஏறினதுதான் எங்களுக்குத் தெரியாமப் போச்சு. நிறை சரியா வந்திருந்தால் முதல் கிழமையே ஊசி போட்டிருப்பன். இன்னும் கன காலம் இருந்திருப்பா."

இருந்திருப்பாள்!

அவளுடைய ஒரு பிடிக் கணக்குச் சரி. டாக்டர் சொன்ன வைத்தியம் சரி. நானா வறுத்த கச்சான் சரி. எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருக்க, நடுவே நின்ற நான் ஒருவன்... டாக்டரோ, நல்ல தராசு ஒன்று இரவல் தராமல் விட்டது தன் பிழை என்று தன்னையே நொந்துகொண்டார். அதையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

இரண்டு வருஷம் ஓடிற்று. போன மாதம் ஒருநாள் மடுவத்தில் ஒரு பெண்ணின் குழந்தை கையில் நாலு கச்சான் பருப்பைக் கண்டுவிட்டு வழக்கம்போல் கத்தினேன். "கொன்னுரும் புள்ள அது! எங்க வீட்டம்மாவ முழுங்குன கொட்ட!"

கூட்டத்திலிருந்து மாரியாயி மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் முன்னால் வந்தாள்.

"போதுங்க ஐயா. கச்சான் மேல பழி போட்டது போதும்."

"என்னாடி?"

"கடசிச் சனிக்கெழம முள்ளு நூத்தி எழுவத்தியேழுல நின்னுச்சு. பலகைக்கு ஆறு. நான் கயித்தப் புடிச்சுகிட்டு நின்னேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா முள்ளு நிக்கிற எடம் தெரியும். சின்னப் புள்ளையில இருந்து அதத்தானேங்க பாத்துகிட்டு இருக்கோம்?"

"அப்ப ஏன் சொல்லல நீ? ஏண்டி அன்னைக்கே சொல்லல?" என்று கத்தினேன்.

"எங்க கொழுந்துக்குச் சொன்னப்ப எந்த நாளு கேட்டீங்க? வாயத் தொறந்தா தொரத்துனீங்க. அம்மாவுக்காச்சும் சரியாப் போடுவீங்கன்னுதான் நெனச்சேன்." அவள் கண் கலங்கியது. "அம்மாவையும் கொழுந்தாட்டமே நிறுத்துப்புட்டீங்களே, ஐயா!"

ஒரு பெண் முகத்திலும் வியப்பில்லை. இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது! இரண்டு வருஷமாக நான் கச்சானை ஏசியபோதெல்லாம் இவர்கள் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கிறார்கள்... நம்பி அல்ல!

அன்று இரவு வீட்டுக்குப் போனேன். இனிமேல் ஒரு ராத்தல்கூடக் கழிப்பதில்லை என்று பாக்கியத்தின் படத்துக்கு முன்னால் நின்று சபதம் செய்தேன். செய்தும் காட்டினேன். நான்கு நாள், முள் அடங்கும்வரை காத்திருந்து, காட்டியதைக் காட்டியபடி சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, மலைக் கணக்குக்கும் தொழிற்சாலைக் கணக்குக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம், வயசாகிவிட்டதா, வேறு ஆளைப் போடவா என்று கேட்டார். "இனி நடக்காதுங்க தொர" என்றேன்.

திரும்பி மடுவத்துக்கு வந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆளாக மாரியாயி கூடையைக் கொக்கியில் மாட்டினாள். முள் ஓடி, ஆடி, முப்பத்தெட்டில் நின்றது.

அவள் முள்ளைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்திரண்டு" என்றேன்.

எழுதிக்கொண்டு, அடுத்த கூடையைக் கூப்பிட்டேன்.